ஐந்தாவது பாட்டில்: வண்டல் கலங்காமல் க்யோஸ் ஊற்றிய கதை

ஒருவழியாக நேற்று ராத்திரி சாதித்துவிட்டேன். க்யோஸ் என்கிற பிரஸ்ஸல்ஸ் பக்கத்துப் புளிப்பு பீர், 75 சென்டிலிட்டர் பாட்டில், ஐந்து கோப்பை, ஐந்தாவது கோப்பையும் முதல் கோப்பை போலவே தெளிவு. வண்டல் முழுக்க பாட்டிலின் ஒரு பக்கமாக, குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டு கிடந்தது. ஒன்றரை வருஷத்தில் நான்கு பாட்டிலை நாசம் செய்த பிறகு கிடைத்த வெற்றி. கொஞ்சம் பீற்றிக்கொள்ள விடுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கோஸ் என்று எழுதினால் முட்டைக்கோஸ் ஆகிவிடுகிறது. உதட்டை அசட்டையாகக் குவித்தால் சபையில் சொல்லக்கூடாத வார்த்தை வந்துவிடுகிறது. அதனால் க்யோஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். க்யோஸுக்கு மூலமான லாம்பிக், அதாவது காற்றில் உள்ள ஈஸ்ட்டால் புளிக்கும் பீர், எப்படித் தானாகப் புளிக்கிறது என்ற பாடமும் இங்கே இல்லை. அதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள்.

வண்டலோடு கலக்கிக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குடிக்கலாம். ஆனால் ஒரு வருஷ, இரண்டு வருஷ, மூன்று வருஷ லாம்பிக்கைக் கலந்து க்யோஸ் செய்கிறார்கள். இளசு, பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கச் சர்க்கரை தருகிறது, முதியது மணம் தருகிறது. அந்த மூன்று வருஷச் சரக்கின் குணம் தெரிவதே விழுங்கிய பிறகு வரும் அரை நிமிஷத்தில்தான். ஈஸ்ட் கலங்கி வந்தால் அந்த அரை நிமிஷத்தை ரொட்டி மாவும் கைப்பும் தின்றுவிடும். காசு கொடுத்தது அதற்குத்தானே.

சரி, தோல்விகள். முதல் பாட்டிலை அடுக்ககத்து நிலவறையிலிருந்து கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி, நான்கு மாடி ஏற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு வருஷம் படுத்துக் கிடந்ததை எழுப்பி நடக்கவைத்தால் வேறென்ன ஆகும்? மோர்க்குழம்பு நிறத்தில் வந்தது. இரண்டாவதில் உலோக மூடியோடு சண்டை. ஷாம்பெய்ன் வகைப் பாட்டில்களுக்கு 29 மில்லிமீட்டர் மூடி. என்னிடம் இருந்த திறப்பான் சாதாரண 26-க்குச் செய்தது. நாலு பக்கமும் நெம்பி நெம்பி எடுத்தேன், அதற்குள் உள்ளே புயல். மூடியைக் கழற்றினால் அடியில் கார்க் வேறு. மூன்றாவதில் அந்தக் கார்க் பாதியில் முறிந்தது. மிச்சத்தை விரலால் உள்ளே தள்ளினேன். அதன் பிறகு சமையலறைச் சுவரைத் துடைத்த கதையைச் சொல்லப்போவதில்லை. எந்த பீர் ஆலையின் சரக்கு என்பதையும் சொல்லமாட்டேன், முழுத் தவறும் என்னுடையது.

நாலாவதுக்குக் கூடை வந்துவிட்டது. பாட்டிலைப் படுத்தபடியே திறந்து ஊற்றுகிற பிரம்புக் கூடை, இங்கே மாண்ட்யே என்பார்கள். பிரஸ்ஸல்ஸின் மரோல் பகுதியில் உள்ள ழூ த பால் சதுக்கத்தில் தினமும் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே நாலு யூரோவுக்கு வாங்கினேன். விற்றவர் ரொட்டிக் கூடை என்று நினைத்துக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. கூடை இருந்தும் நாலாவது தோற்றது. காரணம் புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஒவ்வொரு கோப்பை நிறைந்ததும் பாட்டிலைத் திரும்பப் படுக்கவைத்தேன். அவ்வளவுதான் தப்பு. சாய்க்கும்போது ஒன்றும் ஆவதில்லை. திருப்பிப் படுக்கவைக்கும்போது பீர் பின்பக்கம் போய் அலையாக மோதி, வண்டலை அரித்துக்கொண்டு வருகிறது. ஐந்து கோப்பைக்கு ஐந்து அலை. மூன்றாவது கோப்பையிலேயே மங்கல் தட்டியது ஏன் என்று விளக்கு வெளிச்சத்தில் வெறும் தண்ணீரும் கோதுமை மாவும் வைத்துச் சோதித்துத்தான் கண்டுபிடித்தேன். வீட்டில் என்னைப் பார்த்த பார்வை வேறு கதை.

ஆக, ஐந்தாவதில் செய்தது இதுதான். பாட்டிலைப் படுத்த வாக்கிலேயே கூடையில் வைத்து, கூடையோடு மாடிக்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். 12 பாகை செல்சியஸ் குடிப்பதற்குச் சரி, திறப்பதற்கு அல்ல. இன்னும் குளிர்ந்திருந்தால் கேஸ் அடங்கிக் கிடக்கும். கார்க் வரும் நொடியில் வண்டலிலிருந்தே குமிழி கிளம்பி அதைத் தூக்காது. பிறகு சாய்மானம். என் கூடை வைனுக்கானது, ரொம்பத் தட்டை. அப்படியே திறந்தால் கார்க் வெளியே வரும்போதே கொட்டும். கழுத்தடியில் துண்டை மடித்து வைத்து, பையனின் பாகைமானியை வாங்கி அளந்தேன். 30 பாகைக்குப் பக்கத்தில் கொட்டவும் இல்லை, வண்டல் சரியவும் இல்லை.

கார்க் திருகியில் தடித்த சுருளாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். மெல்லிய சுருள், ஐந்து சுற்று, அடியைத் துளைத்துக்கொண்டு போகக்கூடாது. நெம்புகோலால் முக்கால் பாகம் மட்டும் இழுத்துவிட்டு, மீதியைக் கையால் முறுக்கிக்கொண்டே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பிடித்தால் ஒரு பெருமூச்சு வரும். அந்த மூச்சு ஒரு நிமிஷம் வரை போகட்டும். டப்பென்று சத்தம் கேட்டால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். பிறகு கோப்பைகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, ஒரே சாய்ப்பில், கை திரும்பாமல் ஐந்தையும் நிரப்ப வேண்டும். கோப்பைகளை நகர்த்த இன்னொரு கை வேண்டும். மனைவி நகர்த்தினாள், மூக்கைச் சுளித்துக்கொண்டே.

"என்னங்க இது, ஊறுகாய்ப் பரணி கழுவின தண்ணி மாதிரி வாசம் வருது."

முதல் ஐந்து நிமிஷம் அவள் சொன்னது சரிதான். எலுமிச்சைத் தோல், ஈரக் கோணி, மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர். கோப்பை கொஞ்சம் சூடேற, வைக்கோலும் மாட்டுக்கொட்டகையும் வந்தன. பிரெட்டனோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்ட் செய்யும் வேலை, அது உண்டாக்கும் 4-எத்தில்பீனால் என்கிற மணப்பொருள். வாயில் வைத்தால் காடியின் குத்தல் இல்லை, புளித்த மோரின் உருண்ட புளிப்பு. பின்னால் ஓக் பீப்பாயின் துவர்ப்பு. கடைசியில் சாத்துக்குடியின் வெள்ளைத் தோலைக் கடித்த மாதிரி ஒரு கைப்பு, அது நிற்கிறது, நிற்கிறது, தொண்டைக்குப் பின்னால் தேன் வாசமாகி அடங்குகிறது. கலங்கிய நாலு பாட்டிலில் இந்தத் தேன் எனக்குக் கிடைக்கவே இல்லை. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துத் தம்பி ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, இது மூண்டாம் நாள் பனங்கள்ளு மணம்தான், வேறொண்டும் இல்லை." கள்ளும் காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட்டால் தானாகப் புளிப்பதுதான், அதனால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவன் இரண்டாவது கோப்பையும் கேட்டான்.

இன்னொரு குறிப்பு, எலிவாசம் பற்றி. போன வருஷம் ஒரு பாட்டிலில் விழுங்கிப் பத்து பதினைந்து நொடி கழித்து, ஊசிப்போன அவல் போல ஒரு சுவை எழும்பியது. மூக்கால் முகர்ந்தால் ஒன்றுமில்லை. டெட்ராஹைட்ரோபிரிடின் என்கிற பொருள். பீரின் புளிப்பில் ஒளிந்துகொண்டிருக்கும், எச்சில் பட்டு அமிலம் குறைந்த பிறகுதான் வெளியே வரும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, என் மனைவிக்குத் தெரியவில்லை. காலப்போக்கில் மறையக்கூடியது என்பதால் அதன் ஜோடிப் பாட்டிலைத் திறக்காமல் போட்டு வைத்திருக்கிறேன்.

வாங்கும் இடம் பற்றிப் புலம்பாமல் முடியாது. நான் முன்பு வாங்கிய ஒரு கடையில் பாட்டில்களை நிறுத்தி, ஜன்னல் வெயிலில் காட்சிக்கு வைப்பார்கள். இப்போது செய்பவர்களிடமே போகிறேன். ஆண்டர்லெக்ட்டில் இருக்கும் காந்தியோன் என்கிற லாம்பிக் ஆலைக்கு பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1900-இல் தொடங்கிய இடம், மேல்மாடியில் அகலமான செம்புத் தொட்டியில், பீராகப் போகும் தானியக் கஷாயத்தை ஒரு ராத்திரி ஆறவிடுவதைக் குளிர்காலத்தில் போனால் பார்க்கலாம். பழைய க்யோஸ் என்று லேபிளில் போட ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே விதி வைத்துவிட்டது, லேபிளில் பழையது என்று பொருள்படும் "ஊடே" என்ற சொல் இல்லாவிட்டால் சர்க்கரை சேர்த்ததாக இருக்க வாய்ப்புண்டு.

சர்க்கரை என்றதும் ஞாபகம் வருகிறது. அதே சந்தையில் ஒரு ஸ்டும்பர் கிடைத்தது, கோப்பையில் சர்க்கரைக் கட்டியை நசுக்கும் உலோகக் குச்சி. அந்தக் காலத்துக் கடைகளில் புளிப்பு தாங்காதவர்களுக்குக் கொடுப்பார்களாம். ஒரு தடவை முயன்றேன், பீர் பொங்கி மேஜைத் துணியில் போனது. இப்போது பூண்டு நசுக்க உதவுகிறது. வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவிய ரொட்டியும் முள்ளங்கியும் மட்டும் உண்மையாகவே ஜோடி சேர்கின்றன.

அடுத்தது என் சொந்தக் கலவை. கேஸ் இல்லாத வெறும் லாம்பிக்கைச் சில ஆலைகள் அட்டைப் பெட்டிக்குள் வைத்த பையில் விற்கின்றன. இளசும் முதிர்ந்ததுமாக இரண்டு பெட்டி வாங்கி, அரை லிட்டரில் விகிதம் மாற்றிப் பார்க்கப் போகிறேன். பாட்டிலில் அடைக்கும் தைரியம் இன்னும் வரவில்லை. 2009-இல் ட்ரீ ஃபோன்டெய்னன் என்கிற க்யோஸ் ஆலையில் வெப்பச்சீராக்கி பழுதாகி, கிடங்கு கொதித்து, ஆயிரக்கணக்கில் பாட்டில் வெடித்தது. மிச்சமிருந்ததை அந்த ஆலையை நடத்திய ஆர்மாண்ட் டெபெல்டர் வடித்துச் சாராயமாக்கினார். கை தேர்ந்தவருக்கே அந்தக் கதி. என் நிலவறையில் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள்கள் வேறு நிற்கின்றன.

இப்போதைக்கு மிச்சம் இரண்டு பாட்டில். பழைய பாதாள அறைகளில் பாட்டிலுக்குச் சுண்ணாம்புக் கோடு இழுப்பார்கள், படுத்த வாக்கு மாறாமல் எடுப்பதற்காக. இன்று காலை சாக்பீஸோடு கீழே போய் மேல்பக்கத்தில் கோடு போட்டேன். இரண்டாவது பாட்டிலில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது, என் கையெழுத்துதான், அடிப்பக்கத்தில். சைக்கிளை எடுக்க வந்த யாரோ உருட்டிவிட்டிருக்கிறார்கள். இனி அது அடங்க இரண்டு மாதமாவது ஆகும்.