மூன்று வாரக் கலம்காரிப் பயிற்சி, மூன்று மாத அலைச்சல்

ஆந்திராவில் போய்க் கற்ற கலம்காரிப் பயிற்சிக்கு, என் கல்லூரி முடிவுத் தாளில் மூன்று கிரெடிட் (பாடத்துக்குக் கணக்கிடும் மதிப்பு அலகு) ஏறியதைப் போன வாரம்தான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் இதை எழுத உட்கார்ந்திருந்தால் வெறும் கோபம்தான் வந்திருக்கும். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அடுத்து போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

வீடு மலேசியாவின் பட்டர்வொர்த். பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் ஜவுளி வடிவமைப்பு டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறையில் வெளிநாட்டில் ஒரு குறுகியகாலப் பயிற்சி முடித்து வந்தால், ஒரு விருப்பப் பாடத்துக்கு ஈடாக எங்கள் துறை ஏற்றுக்கொள்ளும். கூடப் படிப்பவர்கள் ஜப்பான், இத்தாலி என்று போனார்கள். நம் மலேசியக் கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்) அங்கே 90 நாள் வரை விசா தேவையில்லை. நான் ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீகாளஹஸ்தியைப் பிடித்துக்கொண்டேன். முதலாம் ஆண்டில் பாத்திக் படித்தபோது சாந்திங் என்ற சிறு கருவியில் மெழுகு ஊற்றிக் கோடு இழுத்திருக்கிறேன். கலம்காரியில் மூங்கில் குச்சியைப் பேனாவாகச் சீவி, காயிலும் வேரிலும் எடுத்த சாயத்தால் துணியில் நேராக வரைகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அதைக் கற்றே ஆகவேண்டும் என்று இருந்தேன்.

பணத்துக்கு அலையவில்லை. பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் இதற்கெல்லாம் கிடைக்காது. அப்பா தன் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பயிற்சி தரும் பட்டறையும் ஒரே வாரத்தில் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டது. அந்தக் கடிதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கடிதத்தில் 'மூன்று வாரப் பயிற்சி' என்று மட்டும் இருந்தது. கல்லூரி அலுவலகக் கவுண்டரில் வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து 'முழுமையாக இல்லை' என்று திரும்பி வந்தது. என்ன இல்லை என்று கேட்டால் கவுண்டரில் இருந்த அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "மேல இருந்து அப்படித்தான் வந்துச்சு, நீங்க சரி பண்ணிக் கொண்டாங்க." எதைச் சரி பண்ணுவது? மூன்று முறை படியேறினேன். மூன்றாம் முறை எங்கள் விரிவுரையாளரே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் சொன்னார்: "வாரம் கணக்கில்லம்மா, மணி நேரம்தான் கணக்கு." மலேசியத் தகுதி முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் வேண்டுமென்றால் 120 மணி நேரம் தாளில் தெரியவேண்டும். வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, நாமாகச் செய்யும் வேலையும் அதில் சேரும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், மூன்று வாரம் என்றால் 108. மீதி 12 மணி நேரம் அறிக்கை எழுத. கணக்கு அழகாகவே நின்றது. முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

பட்டறைக்கு வாட்சப்பில் விவரம் சொன்னேன். நல்ல மனிதர்கள். நான் கேட்டதற்கு மேலேயே செய்தார்கள். மணி நேரம், பாடத்திட்டம், மதிப்பெண், கடைசியில் சான்றிதழ் என்று எல்லாம் போட்டு, தலைப்பில் பெரிதாக 'சான்றிதழ் படிப்பு' என்று எழுதிப் புதுக் கடிதம் அனுப்பினார்கள். கல்லூரி உடனே சரி என்றது. நானும் நிம்மதியாக விசா பாரத்தைத் திறந்தேன்.

இந்தியாவின் மின் சுற்றுலா விசாவில் கைவினை, இசை, நடனம், மொழி கற்கப் போகலாம். அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, முறைப்படி வகுத்த படிப்பாக இருக்கக்கூடாது, தகுதிச் சான்றிதழோ டிப்ளோமாவோ தரக்கூடாது. இதைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. கல்லூரி எதையெல்லாம் கேட்டு வாங்கியதோ, விசா அதையெல்லாம் வேண்டாம் என்கிறது. கையில் இருக்கும் கடிதத்தோடு சுற்றுலா விசாவில் போனால் தப்பு. மாணவர் விசா கேட்கலாம் என்றால், பட்டறை ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ இல்லை.

அப்போதுதான் அந்த வீண் பயணம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விசா வேலை பார்க்கும் ஒரு முகவர் இருக்கிறார், நேரில் போனால் முடித்துக் கொடுப்பார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். காலையில் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து போனேன். அவர் என் கடிதத்தை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "கோர்ஸுன்னு எழுதாதம்மா. சொந்தக்காரங்களப் பார்க்கப் போறேன்னு போட்டுடு. யாரு கேக்கப் போறா லா?" எனக்கு ஸ்ரீகாளஹஸ்தியில் சொந்தக்காரர் யாரும் இல்லை. விசா பாரத்தில் பொய் எழுதி மாட்டிக்கொண்டால் அடுத்த முறை எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தக் கறை கூடவே வரும். மாட்டேன் என்றேன். ஆலோசனைக் கட்டணம் என்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். சாயங்கால ரயிலில் திரும்பி வரும்போது அம்மாவிடம் போனில் பேசவே பிடிக்கவில்லை.

வழி கடைசியில் ஒரு மின்னஞ்சலில்தான் திறந்தது. இந்தியத் தூதரகத்துக்கு என் நிலையை மறைக்காமல் எழுதிக் கேட்டேன். ஐந்து வேலை நாளில் பதில் வந்தது. அதே விதியைத்தான் திருப்பிச் சொல்லியிருந்தார்கள், ஆனால் எழுத்தில் இருந்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். அவர்தான் யோசித்துச் சொன்னார்: மதிப்பெண்ணைப் பட்டறை ஏன் போடவேண்டும்? நாம் போடலாமே. பட்டறை கற்றுக்கொடுக்கட்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தாள் என்று ஒரு வருகைக் கடிதம் மட்டும் தரட்டும். சான்றிதழ் வேண்டாம், தேர்வு வேண்டாம். திரும்பி வந்து துணியையும் வேலைக் குறிப்பேட்டையும் கல்லூரியில் வைத்தால் கல்லூரி மதிப்பிட்டு கிரெடிட் தரும். பட்டறைக்காரர்கள் முகம் சுளிக்காமல் மூன்றாவது கடிதம் எழுதினார்கள். 'சான்றிதழ் எதுவும் வழங்கப்படாது' என்ற ஒரு வரியை நான் கேட்டுச் சேர்த்தேன். நீங்கள் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே அந்த வரியையும் மணி நேரக் கணக்கையும் ஒரே கடிதத்தில் வாங்கிவிடுங்கள்.

விசா பாரத்தில் நம்மவர்களுக்கு என்றே சில இடறல்கள் இருக்கின்றன. நம் கடப்பிதழில் பெயர் 'ஏ/பி' (இன்னாரின் மகள்), 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) என்று சாய்கோட்டோடு ஒரே நீளமாக இருக்கும். பாரமோ குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி என்று கேட்கிறது. சாய்கோட்டைப் பாரம் ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டு 'ஏபி' என்று சேர்த்து, விமான டிக்கெட்டில் எப்படியோ அதே மாதிரி போட்டேன். சிக்கல் வரவில்லை. படம் சதுரமாக இருக்கவேண்டும். இங்கே ஸ்டூடியோவில் எடுத்துத் தரும் நீளப் படம் ஆகாது, முன்கூட்டியே சொல்லி எடுங்கள். கடப்பிதழ் நகல் பிடிஎஃப் 300 கேபிக்குள் இருக்கவேண்டும். 30 நாள் விசாவுக்கு, போய் இறங்கும் நாளுக்கு 30 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். ஆறு வாரம் முன்பே உட்கார்ந்து தேதி ஏறவில்லையே என்று நான் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தேன். அப்புறம், தேடினால் முதலில் வருகிற தளங்களை நம்பாதீர்கள். அரசுத் தளம் மாதிரியே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்று நாளில் விசா வந்தது. விமானம், சென்னைக் குடிநுழைவு எல்லாம் சுலபம்.

ஊரில் காத்திருந்தது வேறொன்று. சென்னையிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஸ்ரீகாளஹஸ்தி கோயில் ஊர், ராகு கேது பூசைக்கு வருகிறவர்களுக்கென்று தெருவுக்குத் தெரு லாட்ஜ். அறை கிடைக்காதா என்று முன்பதிவு செய்யாமல் போனேன். ராத்திரி எட்டரை மணி. முதல் லாட்ஜில் தமிழிலேயே பேசினேன், அவரும் தமிழிலேயே பேசினார். ஆதார் கேட்டார். சிவப்புக் கடப்பிதழை நீட்டினேன். கையில் வாங்காமலே, "ஃபாரினரா? வேணாம்மா, சி ஃபாரம் போடணும், எங்களுக்கு அந்த ஐடி இல்ல" என்றார். இரண்டாவது இடத்திலும் அதே பதில். வெளிநாட்டவர் யார் தங்கினாலும், தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பாரத்தை இணையத்தில் பதியவேண்டும் என்பது சட்டம். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பெட்டியோடு தெருவில் நின்றபோது அதெல்லாம் மனதில் ஏறவில்லை. பேச்சு, முகம், கும்பிடும் சாமி எல்லாம் ஒன்றாக இருந்தும், தங்க இடம் இல்லை என்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டறை மாஸ்டருக்கு அழைத்தேன். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் வந்து, பதிவு வசதி உள்ள ஒரு லாட்ஜைக் காட்டி, பாரம் ஏறும்வரை கூடவே நின்றார். கிளம்பும் முன் லாட்ஜுக்கு அழைத்து "சி ஃபாரம் போடுவீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வீட்டில் தங்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னாலும் இதே பதிவு வேண்டும்.

பயிற்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காயவைத்த துணி மங்கிய மஞ்சளாக, பால் வாடையோடு இருக்கும். பால் எதற்கென்றால் சாயம் துணியில் பரவாமல் பிடித்து நிறுத்த. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் ஊறிய கரைசலில், கம்பளி சுற்றிய மூங்கில் பேனாவை முக்கி லேசாக அழுத்திக் கோடு இழுத்தேன். விழும்போது நீர்த்த தேநீர் நிறம். தப்பாகிவிட்டதோ என்று மாஸ்டரைப் பார்த்தேன், அவர் துணியைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோடு ஆரம்பித்த இடத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. எந்தக் குப்பியிலிருந்தும் ஊற்றாத கறுப்பு. மூன்று மாத அலைச்சலும் அந்த ஒரு கோட்டில் எனக்கு இறங்கிவிட்டது.

இதில் ஒரு முக்கியமான விஷயம். அந்த இரும்புக் கரைசல் ஊறவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நம் பயிற்சியும் மூன்று வாரம். எனக்கு மாஸ்டர் முன்பே பானையில் போட்டு வைத்திருந்தார். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றி அலசிக் காயவைக்கும் நாட்களில் மழை வந்தாலும் வேலை நின்றுவிடும். மின் விசாவை நீட்டிக்கவும் முடியாது. அதனால் 21 நாள் பயிற்சிக்குப் திரும்பும் தேதியை நாலைந்து நாள் தள்ளியே போடுங்கள்.

திரும்பும்போது கடுக்காயும் சாயவேரும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்கள். மலேசியாவுக்குள் தாவரப் பொருள் கொண்டுவர அனுமதி வேண்டும், என்னிடம் இல்லை. மனமில்லாமல் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வந்த மறுவாரம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். உள்ளே போய் ஒரு பிடி கடுக்காயை எடுத்து வந்து தாளில் கொட்டினார் கடைக்காரர். "வயித்துக்காம்மா?" என்று கேட்டார். துணிக்கு என்றேன்.

கல்லூரிக்குத் துணி, குறிப்பேடு, வருகைக் கடிதம் மூன்றையும் கொடுத்தபோது கவுண்டரில் அதே அக்கா. இந்த முறை நானே மணி நேரக் கணக்கைத் தனித்தாளில் எழுதி மேலே பின் அடித்திருந்தேன். பார்த்துவிட்டு, "இத ஒரு காப்பி எடுத்துக்கவா? அடுத்து ரெண்டு பிள்ளைங்க போறாங்க, அவங்களுக்குக் காட்டுறேன்" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன்.