துணிக்கொடியில் ஆறு ஜாக்கெட்

காலையில் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டு மாக்சிக் வேலியோரம் நின்று எங்கள் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. குடும்பத்தோடு பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், சேர்ந்துவிட்டோமா என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார், எங்கள் ஊர் பீடோரில் கடல் ஏது?

எல்லாம் அம்மாவின் வேலை. ஸ்கூல் லீவுக்கு லாத்தா கிஞ்சாங் போகலாம் என்று நான் வாய் தவறிச் சொன்ன அன்றே ஆன்லைனில் ஆறு ஆர்டர் போட்டுவிட்டார். ஹைவேயில் தாப்பா பக்கம் போகும்போது காரிலிருந்தே தெரியுமே, மலையில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி, அந்த அருவிதான். ஏற்பாடு என்னவோ கப்பலேறிப் போகிற மாதிரி. வாத்து டியூபுக்குத் தடை. "அது விளையாட்டுச் சாமான், உசுரைக் காப்பாத்தாது." வாண்டுகள் பெரியவர்களின் கை எட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும். நாசி லெமாக் சாப்பிட்டால் ஒரு மணி நேரம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்துக்கு ஆதாரமே கிடையாது. அதை அம்மாவிடம் யார் சொல்வது?

மாமா மட்டும் ஜாக்கெட்டைத் தொடவில்லை. "நான் லம்பக் குட்டையில நீந்தி வளர்ந்தவன்க்கா." 1985-இல் ஈய விலை விழுந்து லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களை, மூடிவிட்டுப் போனார்களே, மிச்சமிருந்த குட்டைகளையெல்லாம் இவர் பெயருக்கு எழுதிவைத்த மாதிரிதான் பேச்சு. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காதாம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ. உண்மைக் காரணம் வேறு: பெல்ட் அவர் தொப்பையைச் சுற்றி வரவில்லை.

நேற்று மத்தியானம் நல்ல வெயில். அம்மா கரையில் பாய் விரித்து, தண்ணீரில் இறங்காமலேயே ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று அதில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், குரங்குகள்கூட ஓடின.

"தண்ணி கலங்குது, எல்லாரும் ஏறுங்க! கெப்பாலா ஆயேர்!"

பார்த்தால், கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீர், ஆற்றி நுரைக்கவைத்த பால் டீ இருக்குமே, அந்த தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே மலையில் மழை கொட்டினால் போதும், கீழே நமக்கு வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். அதுதான் கெப்பாலா ஆயேர். எங்களோடு முன்பின் தெரியாத நாலு குடும்பமும் கரையேறியது. பாறையில் மல்லாந்து கிடந்த மாமா, "வானத்தைப் பாருக்கா, எவ்வளவு நீலம்" என்றார். விசில் மறுபடி அலறியதும் எழுந்து வந்துவிட்டார். வெள்ளத்துக்குப் பயந்தல்ல, அக்காவுக்கு.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறையைக் காணோம். மாமாவின் செருப்பையும் காணோம்.

"பழைய செருப்புதான்" என்றதோடு சரி, வழியெல்லாம் பேச்சில்லை. வழியில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், எல்லாருக்கும் தே தாரிக் வந்தது. மாமா தம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைலோ கேட்டார்.

இதையெல்லாம் மாக்சிக்கிடம் சொல்லிக்கொண்டே கொடியை எண்ணினால் ஐந்துதான் இருக்கிறது. மாமாவுக்கு போன் போட்டேன். லம்பக் குட்டையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"சும்மா, கீழ போட்டு உட்காரத்தான்டா எடுத்தேன். மெத்துனு இருக்கு."

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே, "உட்காரட்டும், உட்காரட்டும். அவனுக்குன்னுதான் அந்த ஒண்ணுல மட்டும் பெல்ட்டை ராத்திரியே கடைசி வரைக்கும் இழுத்து விட்டு வெச்சேன்" என்றார்.