'அடுத்து' பட்டனை அமுக்குவதற்குப் பெயர் பயிற்சியா?

சில வருடங்களுக்கு முன்னால், வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஓர் ஆன்லைன் பயிற்சி தயாரித்தேன். மொத்தம் 62 ஸ்லைடு. திரையில் இருப்பதை என் குரலே வரி விடாமல் வாசிக்கும். வாசித்து முடித்தால்தான் 'அடுத்து' பட்டன் வேலை செய்யும். கடைசியில் 10 கேள்வி, 80 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் தானாக மெயிலில் வந்துவிடும். முதல் பேட்ச்சில் எல்லாருமே 90 அல்லது அதற்கு மேல். மேலாளருக்கு ஏக சந்தோஷம், எனக்கும்தான்.

அடுத்த வாரம் அவர்கள் நிஜ வேலையில் உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் வேலை. 'பணம் திரும்ப வரவில்லை' என்று ஒரு புகார் வந்தால் அதைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும், தீர்ந்துவிட்டதாகக் குறித்து மூடக் கூடாது. பயிற்சியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று மூன்று ஸ்லைடில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். 11 பேரில் 8 பேர் மூடிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி போய்விட்டது, பணம் மட்டும் போகவில்லை. மறுபடி போன் வந்தபோது யார் எப்படித் திட்டு வாங்கினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த 8 பேரில் ஒருவரிடம் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். "ஸ்லைடு நல்லா ஞாபகம் இருக்குங்க. ஆனா அவர் போன்ல கத்திக்கிட்டே இருந்தாரு, திரையில பச்சையா பெருசா இருந்த பட்டன் அதுதான், அமுக்கிட்டேன்" என்றார். சரி, அந்தப் பச்சை பட்டனை என் 62 ஸ்லைடில் எங்கேயாவது காட்டியிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. விதியை எழுதியிருந்தேன், திரையைக் காட்டவில்லை, போனில் ஒருவர் கத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் 90 மதிப்பெண் எப்படி வந்தது? இந்த வேலையைப் பற்றி எதுவுமே தெரியாத என் தம்பியைக் கூப்பிட்டு, பாடத்தைக் காட்டாமல் நேராகத் தேர்வில் உட்காரவைத்தேன். 10-க்கு 7 எடுத்தான். "நீளமா இருக்கிறதுதான் சரியான விடை, 'ஒருபோதும்', 'எப்போதும்'னு வந்தா அது தப்பு, இவ்வளவுதானே" என்றான். உங்கள் நிறுவனத்தில் இருக்கும் தேர்வை ஒரு தடவை இப்படிச் சோதித்துப் பாருங்கள். தவறான விடைகளை எழுதுவதுதான் உண்மையில் கஷ்டம். நாம் சரியான விடையை எல்லா நிபந்தனையும் சேர்த்து இரண்டு வரிக்கு எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்ட அவசரத்தில் எழுதி முடிக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். மறதியைப் பற்றி யார் பேசினாலும் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் வந்துவிடுவார். 1885-இல் வெளியான அவருடைய ஆய்வில் சோதிக்கப்பட்டவர் அவரே ஒருவர்தான். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, கொஞ்ச காலம் கழித்து அதையே திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் பாதிக்குக் கீழே போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது, ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்குதான். வேலைக்கான பயிற்சியில் அர்த்தமில்லாத அசைகள் கிடையாது என்பதால் இந்தக் கணக்கை அப்படியே நம் ஆட்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் தொடக்கத்தில்தான் மறதி மிக வேகமாக இருக்கிறது என்பது பயிற்சி கொடுத்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு இதைவிட உறைத்தது ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை. மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள், இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்தவர்களே முன்னால், அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ், படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. என் பயிற்சியில் கடைசி ஸ்லைடு முடிந்த கையோடு தேர்வு வைத்தேன் இல்லையா, அது இந்த 5 நிமிடக் கணக்கு. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தது வாடிக்கையாளர்தான்.

(இடையில் ஒன்று. 'படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்பதில் 20, செய்வதில் 90' என்று ஒரு முக்கோணப் படம் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சுற்றிவரும். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் வரைந்த கூம்பு என்பார்கள். அவர் வரைந்ததில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது, எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டிவிட்டார்கள். நானும் இரண்டு வருடம் அந்தப் படத்தைக் காட்டி ஊருக்கு உபதேசம் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.)

கணினி இல்லாத காலத்துப் பயிற்சி முறை ஒன்றும் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் குறைந்து, புது ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மேற்பார்வையாளர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள், இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் 10 மணி நேரம். சார்லஸ் ஆலன் என்பவர் 1919-லேயே எழுதிவைத்த நான்கு படிகள்தான் அதற்கு அடிப்படை. ஆளைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, அவரைச் செய்யவிடு, அப்புறம் தனியே விட்டு அவ்வப்போது போய்ப் பார். மூன்றாவது படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலில் அவர் செய்ய வேண்டும், அடுத்த தடவை செய்யும்போதே எதற்காக அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். என் 62 ஸ்லைடு இரண்டாவது படியோடு நின்றுவிட்ட சமாச்சாரம்.

இந்த மூன்றாவது படியைத் திரையில் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததில்தான் ட்வைன் என்ற இலவசக் கருவி கிடைத்தது. கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-இல் வெளியிட்டது. கிளை பிரியும் கதைகள் எழுதுகிறவர்களுக்காக வந்த கருவி, நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, முடிவில் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு கிடைக்கும், எந்த பிரவுசரிலும் திறக்கலாம். ஒரு புகாரை எடுத்துக்கொண்டேன். போனில் ஒருவர் கத்துகிறார், திரையில் அதே பச்சை பட்டன், என்ன செய்வீர்கள்? மூடினால் 'தவறு' என்று சிவப்பில் எதுவும் வராது. வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அடுத்த பக்கத்தில் மூன்று நாள் ஓடியிருக்கும், அதே ஆள் இப்போது உங்கள் மேலாளரிடம் பேசிக்கொண்டிருப்பார், உங்களிடம் விளக்கம் கேட்கப்படும். அங்கேயும் மூன்று வழி, அதில் ஒன்றில் நீங்கள் பொய் சொல்லலாம். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க எல்லாருமே ஒரு தடவை அதை அமுக்கினார்கள், நான் ரொம்பவே ரசித்து எழுதிய கிளை அது.

எழுத ஆரம்பித்தபோது எனக்கே பாதி விஷயம் தெரியவில்லை என்பது புரிந்தது. தவறான தேர்வுகளை நம்பும்படி எழுத வேண்டுமானால் ஆட்கள் எங்கே எப்படித் தடுமாறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்காக நான்கு நாள் அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு புகார் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு மாற்றிப் போட்டுவிடுவது, 'கணக்குப் பிரிவு' என்பது பட்டியலில் கீழே ஒளிந்திருப்பது, எதற்கும் நேரமில்லாமல் அடுத்த போன் வந்துவிடுவது, இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

அடுத்து எச்5பி. 2013-இல் நார்வேயிலிருந்து வந்த திறந்த மூலக் கருவி, மூடில் போன்ற கற்றல் தளத்துக்குள்ளேயே கிளைக்கதை, நடுவில் நின்று கேள்வி கேட்கும் வீடியோ எல்லாம் செய்யலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை, 6 நிமிட வீடியோவில் அரை நிமிடத்துக்கு ஒரு கேள்வி சொருகினேன். பார்த்தவர்களுக்குக் கொலைவெறி வந்துவிட்டது. இப்போது இரண்டே கேள்விதான், இரண்டும் 'அடுத்து இவர் என்ன செய்வார்?' என்று பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்பவை. மதிப்பெண் பலகையும் வைத்துப் பார்த்தேன், வேகமாக முடிப்பவர் முதலிடம் என்று. யோசிக்கவைக்கத்தான் கதை எழுதினேன், பலகை வந்ததும் யோசிப்பவர் கடைசியில் நின்றார். மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன்.

தொழில்நுட்பத்தில் நான் பட்ட பாடும் ஒன்று உண்டு, இதே வழியில் போகிறவர்களுக்கு உதவும். கிளைக்கதையை எங்கள் கற்றல் தளத்தில் ஏற்ற ஸ்கார்ம் 1.2 என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2001-இல் வந்த தரம், இன்னும் பல இடங்களில் இதுதான். பாதியில் நிறுத்தியவர் மறுநாள் தொடர முடியும் என்று சொல்லியிருந்தேன், சிலருக்குத் தொடர்ந்தது, சிலருக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது. நெட் சரியில்லை, பிரவுசர் பழசு என்று அவர்கள் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், விட்ட இடத்தைச் சேமித்துவைக்க அந்தத் தரத்தில் இருக்கும் இடம் 4,096 எழுத்துக் குறிகள் மட்டுமே. நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீள நீளமாகப் பெயர் வைத்திருந்தேன், நிறையக் கிளைகளைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு மட்டும் இடம் நிரம்பிப் பதிவு அறுந்துவிட்டது. அதாவது ஆர்வமாகச் செய்தவர்களுக்குத்தான் தண்டனை. பெயர்களையெல்லாம் எண்களாக மாற்றினேன், சரியாகிவிட்டது. இதிலாவது சரிசெய்ய வழி இருந்தது. ஃப்ளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்த பாடங்கள் 2020 முடிவோடு கண் மூடின, பிரவுசரில் திறக்கவே திறக்காது, அந்த உழைப்பெல்லாம் போனது போனதுதான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பயிற்சியை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு நிலைகளை இன்றும் சொல்கிறார்கள். பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. நான் முதல் இரண்டோடு திருப்தியாக இருந்தவன். இந்தத் தடவை மூன்றாவதைப் பார்த்தேன், தவறாக மூடப்பட்ட புகார்களை எண்ணினேன். அடுத்த பேட்ச்சில் 12 பேரில் 2 பேர்தான் அப்படி மூடியிருந்தார்கள். இதை நான் என் சாதனையாகச் சொல்ல முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நான்கு நாளில் எடுத்த குறிப்புகளை மென்பொருள் குழுவிடம் கொடுத்திருந்தேன், அவர்கள் பச்சை பட்டனைச் சாம்பல் நிறமாக்கி, கணக்குப் பிரிவைப் பட்டியலின் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் கதை வேலை செய்ததா, நிறம் வேலை செய்ததா என்று பிரிக்க வழியில்லை. பாதிக்கு மேல் நிறம்தான் என்பது என் ஊகம். பயிற்சி கொடுங்கள் என்று என்னிடம் வரும் பிரச்சினைகளில் கணிசமானவை இப்படிப் பட்டனில் முடிகிறவைதான் என்று இப்போது நினைக்கிறேன், அதனால் புதிதாக யாராவது பயிற்சி கேட்டால் முதலில் அந்தத் திரையைக் காட்டச் சொல்கிறேன்.

இப்போது பயிற்சியை முடித்து ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து இரண்டு இரண்டு கேள்வி மெயிலில் போகிறது. பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது, மதிப்பெண் யாருக்கும் போகாது.

போன பேட்ச்சில் ஒரு பெண் எல்லாக் கிளைகளையும், தவறானவை உட்பட, ஒன்று விடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா உங்க கதையில வர்றவங்க கேட்டதும் புகார் எண்ணைச் சொல்லிடறாங்க. நிஜத்துல யாரும் சொல்றதில்லையே, 'நேத்து பேசினேனே, அதுதான்'னுதானே ஆரம்பிக்கிறாங்க." இந்த வாரம் அந்தக் கிளையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது, அந்த ஆள் இன்னும் எண்ணைச் சொன்னபாடில்லை.