கட்டியது ஒரு வழி, திறந்திருந்தது வேறு வழி

மார்ச் 4
மறுபடியும் அதே கனம். மாலையில் ரொம்ப நேரம் நின்றால் இடது விரை கீழே இழுக்கிறது, படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. வெரிகோசிலுக்கு, அதாவது விரைக்கு மேலே சிரைகள் வீங்கிச் சுருண்டுகொள்வதற்கு, ஆபரேஷன் செய்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. குளிக்கும்போது தொட்டுப் பார்த்தேன், வேகவைத்த சேமியாவைத் துணியில் முடிந்த மாதிரி அதே சுருட்டல். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9
ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார்கள். முக்கும்போதெல்லாம் திரையில் நிறம் மாறியது, மேலே போக வேண்டிய ரத்தம் திரும்பி இறங்குகிறதாம். குழாயின் அகலம் 3.4 மி.மீ. புது டாக்டர் அதோடு விடாமல், இடது கால் வீங்குமா என்று கேட்டார், அடிவயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொன்னார். முன்பு பார்த்த இடத்தில் விதைப்பையைத் தாண்டி யாரும் பார்க்கவே இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மார்ச் 10
அவர் தாளில் வரைந்து காட்டியதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இடது விரையின் ரத்தக்குழாய் நேராக மேலேறி இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேருகிறது, வலது பக்கக் குழாய் பெருஞ்சிரையிலேயே சாய்வாகச் சேர்ந்துவிடுகிறது, இடது பக்கம் அதிகம் பாதிக்க இது ஒரு காரணம். ஆனால் ரத்தம் திரும்ப அது ஒன்று மட்டும் வழியில்லை. விந்துக்குழாயை ஒட்டி ஓடும் சிறு சிரை இடுப்புக்குள் போய், புராஸ்டேட் பக்கத்துச் சிரைகளோடு கலந்து, இடுப்பிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் இலியாக் சிரைக்குப் போகிறது. அங்கே அழுத்தம் கூடினால் இந்த வழியாகவும் ரத்தம் பின்வாங்கலாம். 1980இலேயே கூல்சேட் என்ற மருத்துவர் வெரிகோசிலை மூன்றாகப் பிரித்திருக்கிறார்: சிறுநீரகப் பக்கமிருந்து வருவது, இலியாக் பக்கமிருந்து வருவது, இரண்டும் சேர்ந்தது. வெரிகோசில் உள்ளவர்களுக்குப் புராஸ்டேட்டைச் சுற்றிய சிரைகளும் அகலமாக இருந்ததை 2008இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மேல் வழியை மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 21
ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகப் பக்கம் அடைப்பில்லை. இடது இலியாக் சிரை, மேலே குறுக்காகப் போகும் வலது இலியாக் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. மே, தர்னர் என்ற இருவர் 1957இல் விவரித்தது இதைத்தான். இப்படி நசுங்கியிருப்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் உண்டு, அதனால் சிரையை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் உடனே வேண்டாம், முதலில் சாயம் செலுத்தி ரத்தம் எந்தப் பக்கமிருந்து திரும்புகிறது என்று பார்ப்போம் என்றார். சரி என்றேன்.

ராத்திரி அவளிடம் சொன்னேன். ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “எந்த இடம்?” என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன்.