ஆச்சி இழுத்த கோடு

"மக்ளே, வெள்ளம் அங்கோடி போவாது. இங்கோடியாக்கும் வரும்."

நாகர்கோவிலில் ஒரு சானல்கரை, அதாவது கால்வாய்க்கரை. ஓடை கட்ட அளவெடுக்க வந்த தம்பி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு முடித்திருந்தார். ஆச்சி வாரியலை (துடைப்பத்தை)த் திருப்பிப் பிடித்து மண்ணில் வேறொரு கோடு இழுத்தார்.

அவர் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கறை. ஐப்பசி மழை விட்டுச்சென்ற கறை.

தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாகச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம். சரி, காசு கேட்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கம் வருமென்று கேட்கிறோமா?

 

தம்பி கறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் செருப்பால் தன் கோட்டை அழித்துவிட்டு, டேப்பின் ஒரு முனையை ஆச்சியிடம் நீட்டினார்.