டேஷ்கேம் ஹார்டுவயரிங்: காணாமல் போன 0.37 வோல்ட்

டேஷ்கேமின் பார்க்கிங் மோடு (வண்டி நிற்கும்போதும் பதிவு செய்வது) இப்போது இரவு முழுக்க ஓடுகிறது, காலையில் செல்ஃபும் முதல் திருப்பிலேயே எடுக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க வைப்பதற்குத்தான் இவ்வளவு மண்டை உடைப்பு. பியூஸ் டாப் (பியூஸ் ஸ்லாட்டில் செருகித் தனி லைன் எடுக்கும் துண்டு) மாட்டுவது, பில்லர் கவரைக் கழற்றுவது, ஏர்பேக்குக்குப் பின்பக்கமாக வயரைக் கொண்டுபோவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதையெல்லாம் விட்டுவிட்டு கட்-ஆஃப் பற்றி, அதாவது பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்கு இறங்கியதும் கிட் கேமராவை நிறுத்துவது பற்றி மட்டும் புலம்பப் போகிறேன்.

முன், பின் என்று இரண்டு கேமரா. கேமராவை வண்டியின் மின்சாரத்தோடு நேரடியாக இணைக்க வழக்கமான மூன்று வயர் கிட்: மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் லைனுக்கு, கறுப்பு எர்த்துக்கு. பேட்டரி 45 ஆம்பியர்-ஹவர், சாதாரண லெட்-ஆசிட், நல்ல நிலையில் இருப்பது. பார்க்கிங் மோடில் கிட் இழுப்பது 0.42 ஆம்பியர். கட்-ஆஃப் சுவிட்ச் 12.0 வோல்ட்டில். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம். அந்தக் கணக்கில் 12.0 வரை இறங்க மூன்று நாளாவது ஆக வேண்டும். ஆல்டர்னேட்டர் முழுதாக நிரப்பவில்லை, வண்டி தன் பங்குக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்றெல்லாம் கழித்தாலும் ஓர் இரவு தாண்டாமல் போக வழியே இல்லை. ஆனால் கேமரா நடுராத்திரிக்குள் படுத்துவிடும். காலையில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12.5. அதாவது பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருக்கும்போதே, 12.0-க்கு இறங்கிவிட்டது என்று கிட் கடையைச் சாத்தியிருக்கிறது.

இப்படி நடந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சுவிட்சை 11.8-க்கோ 11.6-க்கோ தள்ளு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அரை ஆம்பியருக்கும் குறைவான லோடில் பேட்டரி 11.8 காட்டுகிறது என்றால் அது ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிப்பதற்கென்று செய்த பேட்டரியை அந்த அளவுக்கு அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும். கிட்டில் 11.6 என்று ஒரு நிலையை ஏன் வைக்கிறார்கள் என்பதே புரியவில்லை. அந்த நிலைக்கு இறங்கிய பேட்டரி மறுநாள் செல்ஃப் எடுத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சந்தேகம் பியூஸ் ஸ்லாட் மீது. சில வண்டிகளில் எப்போதும் மின்சாரம் இருப்பதாகக் காட்டும் ஸ்லாட்டே, வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் தூங்கப் போனதும் அணைந்துவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பார்க்கலாம் என்று கதவைத் திறந்த நொடியில் வண்டி விழித்துக்கொள்ளும், மீட்டரும் 12.6 காட்டிச் சிரிக்கும். அதனால் கதவு திறந்திருக்கும்போதே அது மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் கதவு விளிம்பில் இருக்கும் லாக் கொக்கியை இரண்டு கிளிக் வரும்வரை தள்ளி மூடிவிடுங்கள். உள்விளக்கு அணையும். பானெட் சுவிட்ச் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் லாக் போய்விடும். இப்படி வைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஸ்லாட் அணையவில்லை. சரி, பியூஸ் மேல் குற்றம் இல்லை.

இனி மீதி இருப்பது ஒரே கேள்வி: பேட்டரியில் இருக்கும் வோல்ட்டேஜும் கிட் பார்க்கும் வோல்ட்டேஜும் ஒன்றுதானா? கிட்டுக்குப் பேட்டரியைத் தெரியாது. தன் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குப் பேட்டரி. வழியில் எங்கே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் அந்த இழப்பையும் பேட்டரி இறங்கிய கணக்கில்தான் எழுதிக்கொள்ளும்.

இரண்டு இடத்திலும் தனித்தனியாக அளந்து கழித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 0.5 சதவீதத் துல்லியம் என்று போட்டிருக்கும் மீட்டர் 12 வோல்ட்டில் 0.06 வரை தப்பாகக் காட்டலாம், அதற்கு மேல் கடைசி இலக்கத்தின் தள்ளாட்டம் வேறு. நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான் இருக்கக்கூடும். அதனால் இழப்பை நேரடியாக அளந்தேன். பேட்டரி மைனஸ் முனையிலிருந்து ஒரு நீள வயரை உள்ளே இழுத்து, அதில் மீட்டரின் கறுப்பு முள், கிட்டின் எர்த் லக்கில் (கறுப்பு வயரின் நுனி வளையம்) சிவப்பு முள். கேமரா பார்க்கிங் மோடில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வண்டி தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. வந்தது 0.31 வோல்ட். அதே மாதிரி பேட்டரி பிளஸுக்கும் மஞ்சள் வயரின் கடைசி முனைக்கும் நடுவே 0.06. மொத்தம் 0.37.

பிளஸ் பக்கத்து 0.06-க்குக் காரணம் வெளிப்படை. மெல்லிய 22 கேஜ் வயர், மூன்று மீட்டர், அது போதும். ஆனால் எர்த் பக்கம் 0.31 என்பது அநியாயம். 0.42 ஆம்பியருக்கு 0.31 வோல்ட் என்றால் 0.74 ஓம். பக்கத்திலேயே இருக்கும் இரும்பு பாடிக்குப் போகும் ஒரு சாண் வயரில் முக்கால் ஓம்!

முள்ளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். லக்கிலிருந்து போல்ட் தலைக்கு ஒன்றும் இல்லை. பாடியின் வெற்றுத் தகட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கும் ஒன்றும் இல்லை. போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் முழு 0.31-உம் உட்கார்ந்திருந்தது. அந்த போல்ட் கிட் தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கும் அதே வகைதான், பெடலுக்குப் பக்கத்தில் ஒரு பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது. பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் பெயிண்ட். மரைகளுக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. இறுக்கும்போது ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் உரசி இரும்பைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான் தொடர்பு.

இங்கே ஒரு பொதுப் புகார். கன்டினியூட்டி பீப் சத்தத்தை (இணைப்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் ஒலி) வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதும் வழக்கம் எங்கும் இருக்கிறது. பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். முக்கால் ஓமுக்கு அது தாராளமாகப் பாடும். ஓம் நிலையில் வைத்தாலும் முள் வயர்களே 0.2, 0.3 காட்டும். கரண்ட் ஓடும்போது விழும் வோல்ட்டேஜை அளப்பது ஒன்றுதான் இதற்கு வழி. அதுவும் பெரிய வேலை இல்லை, ஒரு நீள வயர் இருந்தால் போதும்.

தீர்வு சாதாரணமானது. கிக் பேனலுக்கு (கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடி) பின்னால், வண்டியின் சொந்த எர்த் வயர்கள் கூடும் ஸ்டட் ஒன்று இருக்கிறது. அங்கே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கிரிம்ப் செய்த ரிங் லக், பல் வைத்த வாஷர், நட்டு, மேலே துருப்பிடிக்காமல் இருக்க மெலிதாகப் பெட்ரோலியம் ஜெல்லி. மறுபடி அளந்தால் 0.01. இவ்வளவு சிரமப்படுவதற்கு நேராகப் பேட்டரி மைனஸிலேயே மாட்டலாமே என்று கேட்பீர்கள். நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைத்து எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் மைனஸ் முனையில் கரண்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும். முனையிலேயே எர்த் எடுத்தால் கேமரா குடிக்கும் கரண்ட் அதன் கண்ணில் படாது, சார்ஜ் கணக்கு குழம்பும். பாடி எர்த்தே போதும், ஒழுங்காக இருந்தால்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கிட்டின் 12.0 நிஜமாகவே 12.0 தானா என்ற அரிப்பு வந்துவிட்டது. கிட்டைக் கழற்றி மேசைப் பவர் சப்ளையில் மாட்டி, கேமராவையே லோடாக வைத்து, 0.01 வோல்ட் வீதம் இறக்கினேன். ஒவ்வொரு படியிலும் நிதானமாகக் காத்திருக்க வேண்டும். கிட்கள் உடனே வெட்டாது, வோல்ட்டேஜ் கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டும். அவசரப்பட்டால் தப்பான எண் வரும். 12.0 என்று எழுதிய நிலை 12.13-இல் வெட்டியது. இப்போது எல்லாம் பொருந்துகிறது: 12.13-உம் வயரில் போன 0.37-உம் சேர்ந்தால் சரியாக 12.50. காலையில் பேட்டரியில் பார்த்த எண் அதுதான்! இப்போது இழப்பு 0.07, ஆகவே நிஜக் கட்-ஆஃப் 12.20. பாதிப் பேட்டரி. எனக்கு அதுவே போதும், சுவிட்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

மேசையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் கிட் மறுபடி எழுகிறதா? லோடு போனதும் பேட்டரி தானாகவே கொஞ்சம் மேலே வரும். அதைக் கண்டு ஏமாந்து எழும் கிட், கேமராவை எழுப்பும், மறுபடி வெட்டும், மறுபடி எழுப்பும். நல்ல கிட் ஒருமுறை வெட்டினால் சாவி போடும்வரை அசையாது. என்னுடையது அந்த வகையில் யோக்கியன்.

கண்காணிப்புக்கு பேட்டரி முனையிலேயே ஒரு புளூடூத் மானிட்டர் மாட்டியிருக்கிறேன். லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட் மீட்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அது சாக்கெட்டின் வோல்ட்டேஜைத்தான் காட்டும், பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அதுவும் அணைந்துவிடும். முனையில் மாட்டியதில் கிடைக்கும் கிராஃப் பார்க்க அலுக்கவே மாட்டேன் என்கிறது. வண்டியை நிறுத்தியதும் 13-க்குப் பக்கத்தில் இருந்து சரசரவென்று இறங்கும். அது மேலோட்டமான சார்ஜ், அதைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. அப்புறம் நீளமான மெதுவான சரிவு. கேமரா நின்ற இடத்தில் கோடு லேசாக மேலே வளையும், அதனால் எப்போது நின்றது என்று கேமராவைக் கேட்கவே வேண்டாம். இப்போது அந்த வளைவே இல்லை. விடியும்வரை ஒரே சரிவு, 12.40-க்குக் கீழே போவதில்லை. காலையில் செல்ஃப் அடிக்கும்போது 10.4 வரை ஒரு குழி, உடனே 14.3. அந்தக் குழி 9.6-க்குக் கீழே போக ஆரம்பித்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

வாங்குவது பற்றி இரண்டு வரி. பியூஸ் டாப் மூட்டையாக வாங்கினால் மினி என்று போட்டு லோ-புரொஃபைல் மினி வரும், உயரம் தவிர வித்தியாசம் தெரியாது, மாட்டும்போதுதான் ஆடும். கலவையாக வரும் பியூஸ் பெட்டி என்ன தரமோ, அதை நான் தொடுவதில்லை. பியூஸின் வேலையே சரியான நேரத்தில் உருகுவதுதான், அதில் போய் சிக்கனம் எதற்கு? வயர் வாங்கினால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதே தடிமனில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், கிரிம்ப்பும் நாளடைவில் தளரும்.

அடுத்து மஞ்சள் வயரை இன்னும் தடிமனான 18 கேஜாக மாற்றி அந்த 0.06-ஐயும் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை. தேவை இல்லைதான், ஆனால் கண்ணை உறுத்துகிறது. அதைவிடப் பெரிய ஆசை, கேமராவுக்கென்றே தனியாக ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக். ஓடும்போது சார்ஜ் ஆகி, நிறுத்தினால் அதுவே கேமராவைப் பார்த்துக்கொள்ளும், வண்டி பேட்டரியைத் தொடவே தொடாது. நாலு செல், 12.8 வோல்ட். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அதை எங்கே வைப்பது என்பதில்தான் நிற்கிறேன். சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. அதற்கு முன்னால் பின் கேமராவின் வயரை டிக்கி மூடியின் ரப்பர் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். கனெக்டர் தலை குழாயைவிடப் பெரிது, சோப்புத் தண்ணீர் போட்டும் போகவில்லை. இப்போதைக்கு வயர் பின் சீட்டுக்கு மேலே டேப் ஒட்டித் தொங்குகிறது. தலை சின்னதாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.