503இலிருந்து 267: கடலோர அரசுப் பள்ளியில் கணக்குத் தாள்களைக் கணினியில் பிரித்துப் படித்த அனுபவம்

503இலிருந்து 267ஐக் கழித்தால் 236. ஆறாம் வகுப்புத் தாள்களில் இந்தக் கணக்குக்குத் திரும்பத் திரும்ப வந்த தவறான விடைகள் மூன்றுதான்: 364, 346, 246. மூன்றுக்கும் ஒரே சிவப்பு மை, ஒரே சுழியம். ஆனால் மூன்றும் மூன்று விதமான தவறு.

364 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 5இல் 2 போக 3, 6இல் 0 போக 6, 7இல் 3 போக 4. மேலே எது, கீழே எது என்று அது பார்க்கவே இல்லை. 346 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்கத் தெரியவில்லை. 246 எழுதிய பிள்ளை கிட்டத்தட்ட வந்துவிட்டது. நூறுகளில் ஒன்றைக் குறைத்துவிட்டது. நடுவிலிருக்கும் சுழியம் 10 ஆகி, அதிலிருந்து ஒன்று போய் 9 ஆக வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. முதல் பிள்ளைக்கு இரண்டு வாரம் வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு ஒரு பீரியட் போதும்.

மதிப்பெண் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. மாவட்ட அளவிலான ஆய்வுகளிலும் தெரியாது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவுத் தேர்வும், 2024 டிசம்பர் 4 அன்று ‘பரக்’ என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பு நடத்திய கணக்கெடுப்பும் மாவட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்வதற்கானவை. எங்கள் மாவட்டமான இராமநாதபுரம் 2018இலிருந்து மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அந்தச் சராசரிகள் அடிக்கடி பேசப்படுகின்றன. திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் யாருக்கு என்ன நடத்துவது என்று அவை சொல்வதில்லை. அது அவற்றின் வேலையும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நாமே திருத்தும் தாள். அதனால் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர்கள் சேர்ந்து தாள்களை மதிப்பெண்ணாக அல்லாமல் விடைகளாகக் கணினியில் ஏற்றிப் பார்த்தோம். செய்த முறையையும் சறுக்கிய இடங்களையும் இங்கே எழுதுகிறோம்.

வினாத்தாள் 20 கணக்கு, 40 நிமிடம். எல்லாம் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பாடம்: இடமதிப்பு 4, கழித்தல் 4, பெருக்கல் 3, வகுத்தல் 4, பின்னம் 3, வாழ்க்கைக் கணக்கு 2. ஒரு திறனுக்கு ஒரே ஒரு கணக்கு வைத்தால் அது கைத்தவறா, தெரியாததா என்று பிரிக்க முடியாது. மூன்று கணக்காவது வைத்தால், அதே மாதிரித் தவறு இரண்டு முறை வந்தால் அது தெரியாதது என்று கொள்ளலாம். எண்களையும் யோசித்துப் போட வேண்டும். 845இலிருந்து 362 என்று வைத்தால் 246 எழுதும் பிள்ளை சரியாகப் போட்டுத் தப்பிவிடும். நடுவில் சுழியம் உள்ள எண் ஒன்றாவது இருக்க வேண்டும். வகுத்தலிலும் அப்படித்தான்: 612ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் 102க்குப் பதில் 12 என்று எழுதும் பிள்ளை யார் என்று தெரியும். 684ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் தெரியாது. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா இதற்கு ஆகாது.

பதிவு செய்யும்போது சரி, தவறு என்று போடக் கூடாது. பிள்ளை எழுதிய விடையை அப்படியே ஏற்ற வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, 30 தாளுக்கு 600 கட்டம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது. தனியாகச் செய்தால் இரண்டு மடங்கு நேரம், தவறும் கூடும். நெட் விட்டுவிட்டு வரும் ஊர் என்பதால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஏற்றி, பிறகு கூகுள் ஷீட்டுக்கு மாற்றினோம். எக்செல் இருந்தாலும் இதேதான்.

முதல் தவணையில் கெட்டுப்போனவை பல. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ஏற்றியதும் ஷீட் அதை மே 2 ஆக்கிவிட்டது. பத்துக்கு ஏழு என்பதை 7/10 என்று போட்டால் அக்டோபர் 7. ஏற்றுவதற்கு முன்பே எல்லாக் கட்டங்களையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகு மாற்றினால் உள்ளே தேதியின் வரிசை எண் மட்டுமே மிஞ்சும். நீண்ட அடையாள எண்களும் அப்படித்தான். 15 இலக்கத்தைத் தாண்டும் எண்ணை ஷீட் எண்ணாக எடுத்துக்கொண்டால் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். முன்னால் சுழியம் உள்ள சேர்க்கை எண்ணில் சுழியமே காணாமல் போகும்.

பிள்ளையின் பெயரை வைத்து இரண்டு பட்டியலைப் பொருத்தப் பார்ப்பது வீண் வேலை. முகமது, முஹம்மது, முகம்மது மூன்றும் ஒரே பிள்ளை. இனிஷியல் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். போதாததற்குப் பழைய பட்டியல் வானவில் எழுத்துருவில் இருக்கும். யூனிகோடில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்தாக நிற்கும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எண் ஒன்றே கயிறு. எல்லாவற்றையும் அதில்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது சுழியம். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு 0 போட்டால் வகுப்பின் சராசரி பொய் சொல்லும். நாங்கள் வராத பிள்ளைக்கு ‘வ’, வந்தும் தொடாமல் விட்ட கணக்குக்கு ‘வி’ என்று போட்டோம். தொடாமல் விட்டதையும் தவறாகச் செய்ததையும் பிரிப்பது அவசியம். வாழ்க்கைக் கணக்கை மட்டும் வரிசையாக ‘வி’ விட்டிருந்தால் தேட வேண்டியது தமிழ் வாசிப்பில். அந்தப் பிள்ளையிடம் கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூல ஷீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டாவது ஷீட்டில் விடைக்குறிப்போடு ஒப்பிட்டு 1, 0 ஆக்க வேண்டும். ‘இஃப்’ சூத்திரம் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: வரிசைப்படுத்தும்போது ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட்’ கொடுத்தால் ஒரு பிள்ளையின் விடை இன்னொரு பிள்ளையின் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்துவிடும். பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் மூல ஷீட்டைப் பூட்டச் சொல்கிறோம்.

பிறகு இரண்டு பார்வை. முதலாவது, ஷீட்டே எண்ணித் தொகுத்துத் தரும் பிவட் டேபிள்: வினா எண், அதற்கு வந்த விடை, எத்தனை பேர். 364, 346, 246 என்ற மூன்றும் இப்படித்தான் கண்ணில் பட்டன. தாள் தாளாகத் திருத்தும்போது அவை சிதறிக் கிடக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக வந்த பிறகுதான் கூட்டம் தெரியும்.

இரண்டாவது, ஜப்பானில் தகாஹிரோ சாடோ 1970களில் உருவாக்கிய எஸ்-பி (மாணவர்-வினா) அட்டவணை. பிள்ளைகளை மொத்த மதிப்பெண்படி மேலிருந்து கீழாகவும், வினாக்களை அதிகம் பேர் சரியாகச் செய்ததிலிருந்து குறைவானது வரை இடமிருந்து வலமாகவும் அடுக்குவது. 1க்குப் பச்சை, 0க்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டால் இடது மேல் மூலை பச்சையாகவும் வலது கீழ் மூலை சிவப்பாகவும் நிற்கும். நாம் பார்க்க வேண்டியது இடம் மாறி நிற்கும் நிறத்தை. மேல் வரிசைப் பிள்ளைக்குச் சுலபமான கணக்கில் சிவப்பு விழுந்தால் அவசரம், அல்லது யாரும் கவனிக்காத ஒரு பழைய தவறு. கீழ் வரிசைப் பிள்ளைக்குக் கடினமான கணக்கில் பச்சை விழுந்தால் பக்கத்துத் தாளைப் பார்த்ததாகவும் இருக்கலாம், அந்தப் பிள்ளையிடம் நாம் அறியாத பலம் இருப்பதாகவும் இருக்கலாம். ஒரு வினா மேல் வரிசை முழுதும் சிவப்பாக இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை: வினா சரியில்லை, இல்லையென்றால் அந்தப் பாடம் நடக்கவே இல்லை.

364 எழுதிய பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதுதான் இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத்தந்தது. “அம்மாட்ட 503 ரூவா இருக்கு. 267 ரூவாய்க்குச் சாமான் வாங்கிட்டாங்க. மிச்சம் எவ்வளவு?”

“இருநூத்தி முப்பத்தாறு, மிஸ்.”

இவர்களில் சிலர் கரையில் மீன் விற்கும் தாய்க்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பவர்கள். 267க்கு 3 சேர்த்து 270, 30 சேர்த்து 300, அதற்கு மேல் 203 என்று ஏறிப் போகிறார்கள். எண் தெரிகிறது, தாளில் எழுதும் முறைதான் ஒட்டவில்லை. இவர்களுக்குக் கழித்தலை அடியிலிருந்து நடத்துவது பிள்ளையை அவமானப்படுத்துவது போல. அட்டையில் வெட்டிய 100, 10, 1 ரூபாய்த் தாள்களை வைத்து, நூறு ரூபாயைப் பத்துப் பத்து ரூபாயாக உடைக்கச் சொல்லி, உடைத்ததை உடனே தாளில் எழுதச் சொன்னால் கடன் வாங்குவதன் பொருள் கைக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய்த் தாள் 5, பத்து ரூபாய் 20, ஒரு ரூபாய் 20 போதும்.

குழு பிரிப்பது மொத்த மதிப்பெண்ணை வைத்து அல்ல, தவறின் வகையை வைத்து. 18 மதிப்பெண் எடுத்த பிள்ளையும் 7 எடுத்த பிள்ளையும் ஒரே குழுவில் உட்காரலாம். ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் என்று ஒன்றை வகுப்பில் வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிட இது நல்ல வழி. பத்துப் பள்ளி நாள், நாளுக்கு 40 நிமிடம், ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்.

மறுதேர்வில் எண்ணை மாற்ற வேண்டும்: 705இலிருந்து 348. சரியான விடை 357. பழைய மூன்று தவறும் இப்போது 443, 467, 367 என்று வரும். இதை முன்கூட்டியே போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை 443இலிருந்து 367க்கு வந்திருந்தால் மதிப்பெண் அப்போதும் சுழியம்தான், ஆனால் பெரும்பகுதி தூரத்தைக் கடந்துவிட்டது. அதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

முன்னேற்றம் நம்மால் வந்ததா என்பதைச் சோதிக்க ஒரு வழி: ஒரு திறனை, பின்னம் என்று வையுங்கள், அந்தப் பத்து நாளில் தொடாமல் விடுங்கள். முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்த பிள்ளை இரண்டாவதில் தானாகவே கொஞ்சம் கூடுதலாக எடுப்பது இயல்பு. கழித்தல் ஏறிய அளவு பின்னமும் ஏறியிருந்தால் நம் குழு வேலைக்கு அதில் பங்கில்லை. 18 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை மாறினாலே சதவீதம் ஐந்தரைக்கு மேல் நகரும் என்பதால், ஆசிரியர் கூட்டத்தில் சதவீதம் பேசாமல் பிள்ளைகளின் எண்ணிக்கையையே பேசினோம்.

இதையெல்லாம் செய்தும் சில பிள்ளைகள் நகரவில்லை. வருகையைப் பக்கத்தில் வைத்த பிறகே காரணம் தெரிந்தது. எமிஸ் செயலியில் நாள்தோறும் வருகை போகிறது என்றாலும், எங்களுக்கு முற்பகலும் பிற்பகலும் தனித்தனியாக வேண்டியிருந்ததால் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தோம். ஒவ்வொரு தேதிக்கும் நேரே மூன்று நெடுவரிசை சேர்த்தோம்: கிழமை, விசைப்படகு கடலுக்குப் போன மறுநாளா, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளா. கடைசி நெடுவரிசை வெளியூர்க்காரர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும்போது பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். விடியுமுன் அம்மா கிளம்பிவிட்டால் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நிற்பது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை. மாத மொத்தத்தில் அது 85 சதவீத வருகையாகத் தெரியும். எவரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் விடுபட்ட நாட்கள் அடுத்தடுத்து வருவதால், ஒரு பாடத்தின் தொடக்கம் மொத்தமாகப் போய்விடும். படகு கரை சேரும் காலையில் விடுபடுவது பெரும்பாலும் பெரிய வகுப்புப் பையன்கள், அதுவும் முற்பகல் மட்டும்.

பிள்ளைகள் விடுபடும் நாட்கள் ஊருக்கு ஊர் மாறும். வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்துக்கும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்துக்கும் காற்றும் தொழில் நாளும் வேறு. சாயல்குடிப் பக்கம் மீனைவிடப் பனைதான் கணக்கு. மாசி, பங்குனியில் பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டு இறுதித் தேர்வு அதன் வாசலில் நிற்கிறது. எங்கள் நெடுவரிசைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களிடம் கேட்டு உங்கள் நெடுவரிசைகளைப் போடுங்கள். எங்களுக்குச் செய்ய முடிந்தது சின்ன மாற்றங்கள்தாம்: புதிய பாடத்தைப் பாசி நாட்களில் தொடங்குவதில்லை, அந்நாட்களில் பழையதைத் திருப்புவது, கணக்கைப் படகு நாள் முற்பகலிலிருந்து பிற்பகலுக்கு மாற்றியது. வடகிழக்குப் பருவமழையில் விடுமுறை விழும் என்பதால் முதல் தேர்வை ஜூலையிலும் மறுதேர்வைச் செப்டம்பருக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது.

ஷீட்டை யாருக்குக் காட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஊரெல்லாம் போய்விடும். சாதி, ஆதார், தொலைபேசி எண் எதுவும் இந்த ஷீட்டுக்குத் தேவையே இல்லை, ஏற்றாதீர்கள். இதை ஆசிரியரை எடைபோடும் கருவியாகவும் ஆக்கக் கூடாது. ஆக்கினால் அடுத்த தேர்வில் 364 எழுதிய பிள்ளையின் தாளில் 236 இருக்கும், நமக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இன்னும் சரியாகாதது ஒன்று. ஐந்தாம் வகுப்பு முடித்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழோடு வருகிறார்கள்; எங்கே தவறுகிறார்கள் என்ற தகவல் அவர்களோடு வருவதில்லை. ஜூலையில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிடம் பேசி, எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு (அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பட்டியலுக்கு) மாற்றும் அதே நாளில், பிள்ளைக்கு ஒரு வரி வீதம் எமிஸ் எண்ணும் தவறின் குறியும் மட்டும் உள்ள ஒரு பக்கத்தைக் கேட்டிருக்கிறோம். இரண்டு பள்ளிகள் சம்மதித்திருக்கின்றன. அவர்களுக்கு அந்த 20 கணக்கையும், விடைக்குறிப்போடு தவறான விடைகளின் பட்டியலையும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டோம்.